முந்நூறு டாலர் கடனிலிருந்து நான் மீண்ட விதம்

மிஸ் ரோவீனா, கடனில் விழுந்தவர்களுக்காக நடத்தும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நீங்கள் போட்டுத் தரும் காப்பி நன்றாகவே இருக்கிறது. பால்பொடியை மட்டும் மாற்றிப் பாருங்கள். கடனிலிருந்து மீண்டவர்கள் அதை எப்படிச் சாதித்தோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொன்னீர்கள். மறைக்காமல் எழுதுங்கள், இங்கே யாரும் யாரையும் குறை சொல்லப்போவதில்லை என்றும் சொன்னீர்கள். அதை நம்பி எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

காரின் கியர்பெட்டி போனபோது சம்பளக் கடன் கடையில் முந்நூறு டாலர் வாங்கினேன். அடுத்த சம்பள நாளின் தேதி போட்டு செக் எழுதிக் கொடுத்தால் கையில் ரொக்கம். திருப்ப முடியாதவர்கள் ஐம்பத்திரண்டு டாலர் கட்டி இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். நான் ஒன்பது முறை தள்ளிப்போட்டேன். பத்தாவது முறை கையில் ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் செக்கை வங்கியில் மூன்று தடவை போட்டார்கள், மூன்று தடவையும் திரும்பியது, ஒவ்வொரு தடவைக்கும் வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொண்டது. என் கணக்கு மைனஸில் இறங்கியது. இதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் நடந்ததுதான்.

கடன் படிவத்தில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரும் எண்ணும் கேட்பார்கள். நான் நோரீனின் பெயரை எழுதியிருந்தேன். கோழித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் பதினோரு வருடம் எனக்கு அடுத்து நின்றவள். என் கையுறை கிழிந்தால் கேட்காமலே தன்னுடையதைத் தருவாள். அவளுக்குத்தான் கடையிலிருந்து போன் செய்தார்கள், சாப்பாட்டு வேளையில்.

அவள் போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். இருபது பெண்கள் இருந்தார்கள்.

"வெல்டாவா? இங்கதான் உக்காந்து சாப்பிடுறா. அவகிட்ட ஏதுங்க காசு? கோழி நெஞ்சுக்கறி வேணா ஒரு பெட்டி அனுப்பட்டுமா, வட்டியில கழிச்சுக்கிறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு அதோடு போதவில்லை. தன் ரப்பர் பூட்ஸில் ஒன்றைக் கழற்றி மேசை மேசையாகக் கொண்டுபோனாள். "போடுங்கடி, போடுங்க. வெல்டா நடுத்தெருவுக்கு வந்துட்டா. சில்லறையா இருந்தாலும் பரவால்ல." கடைசியில் பூட்ஸை என் மடியில் கவிழ்த்தாள். பதினோரு டாலர் நாற்பது சென்ட். அதில் ஐந்து டாலர் அவள் போட்டது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த நோட்டுகளில் கோழிக்கொழுப்பு வாடை அடித்தது. நோரீனை அன்றைக்கு வெறுக்கத் தொடங்கினேன். சத்தமில்லாமல், நிதானமாக வெறுத்தேன். அடுத்த நாளும் அவளுக்குப் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்தேன்.

கடையில் டேரல் என்றொரு பையன் கவுன்ட்டரில் இருப்பான். நல்ல மரியாதை தெரிந்தவன். "வெல்டாம்மா, தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்களேன். அவங்க கடன் எடுத்தாங்கன்னா உங்க பாக்கியில அம்பது டாலர் கழிச்சிருவோம்" என்றான்.

குளிர் தொடங்கும்போது நோரீன் வீட்டில் வெந்நீர்த் தொட்டி உடைந்தது. அவள் புருஷன் ஓடெலுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாற்பது மைல் தள்ளியிருக்கும் டயாலிசிஸ் மையத்துக்கு அவனே காரை ஓட்டிக்கொண்டு போய் வருவான். சீக்காளியைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கவைக்க முடியுமா? நான்தான் டேரலிடம் அழைத்துப்போனேன். அவள் காரின் பத்திரத்தை வைத்துக்கொண்டு எண்ணூறு டாலர் கொடுத்தான். படிவத்தில் தெரிந்தவர் பெயர் எழுதும் இடத்தில் அவள் என் பெயரை எழுதினாள். "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணியிருப்பேன்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு ஐம்பது டாலர் கழிந்தது. மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி பிப்ரவரிக்குள் கடைப் பாக்கியை முடித்தேன், வங்கியில் இருந்த மைனஸ் மட்டும் அப்படியே நின்றது.

மார்ச் மாதம் அவளும் கட்ட முடியாமல் நின்றாள். காரை எடுக்க ஆள் வரப்போகிறது என்று கடையிலிருந்து சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் காரை என் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினாள். "வியாழக்கிழமை சம்பளம் வந்துரும், கட்டிருவேன். அதுவரைக்கும் ஒளிஞ்சு கிடக்கட்டும். திங்கக்கிழமை ஓடெலுக்கு மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாள். காரின்மேல் தார்ப்பாய் போட நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

அன்று மத்தியானம் கார் எடுக்கிறவன் எனக்குப் போன் செய்தான். படிவத்தில் என் பெயர் இருந்ததே. கார் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டான். நான் பொய் சொல்லும் வழக்கம் உள்ளவள் அல்ல. தகவல் சொல்கிறவர்களுக்கு இருநூறு டாலர் உண்டு, அதையும் அவனே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். கொட்டகைப் பூட்டை நான் போடாமல் விட்டிருந்தேன். உடைத்துவிட்டால் அதற்கு வேறு செலவு.

வந்து பார்த்த நோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எவ சொல்லிக்கொடுத்தான்னு தெரிஞ்சா அவ குடலை உருவிருவேன்" என்றாள். பிறகு அழுதாள். சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் திங்கள்தான் ஓடெலுக்குக் கண்டம் என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். சிறுநீரகம் போனவனுக்கு ஆகாது என்று அவன் தட்டில் விழும் தக்காளியைக்கூட எண்ணுகிறவள். அந்தத் திங்களைத் தவறவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதை வேலை வரிசையில் நின்றுகொண்டே எனக்குச் சொன்னாள்.

"நாளைக்கு நீ கொஞ்சம் அவரை அழைச்சிட்டுப் போயிருவியா, வெல்டா? உனக்கு லீவுதானே?"

"ஒன்பது மணிக்கு வந்துர்றேன். நீ நிம்மதியா வேலைக்குப் போ" என்றேன்.

அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேறொருத்தி காரில் வேலைக்குப் போனாள். வேலை நேரத்தில் எங்கள் போன்கள் லாக்கரில் இருக்கும், எடுக்க விடமாட்டார்கள். என் போனை நான் அணைத்து வைத்தேன்.

ஒன்பதரைக்கு வங்கியில் இருந்தேன். கார் எடுக்கிறவன் காலையில் கொடுத்துவிட்டுப் போன இருநூறு டாலரைக் கட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "மைனஸ் எல்லாம் தீந்துருச்சும்மா, இப்ப ஆறு டாலர் இருக்கு" என்றாள். எவ்வளவு நாளுக்குப் பிறகு கேட்ட நல்ல வார்த்தை. திரும்பும்போது நோரீன் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். ஓடெல் சாலையோரத்தில் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கம்பளி, அதன்மேல் சாப்பாட்டுப் பை. என் காரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். நானும் கையைத் தூக்கினேன். சாலை முனையில் திரும்பி வருவேன் என்று நினைத்திருப்பான். எழுந்து நின்று நாற்காலியை மடக்குவது கண்ணாடியில் தெரிந்தது. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்ல மனிதன். நான் கடைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மையத்திலிருந்து கேட்டபோது, கார் வந்துகொண்டிருக்கிறது என்று அவனே இரண்டு தடவை சொன்னானாம். யாரையும் தொந்தரவு செய்யப் பிடிக்காதவன். மூன்றரை மணிக்கு நோரீன் வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கார் பேட்டரி செத்துவிட்டது, போனும் வேலை செய்யவில்லை என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். அவள் நம்பாமல் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். நான் பன்றித் தொடைக்கறி செய்து கொண்டுபோயிருந்தேன். நோரீன் தட்டைத் தொடவில்லை. என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் பேசினாள்.

"உன் மேல தப்பில்லடி. வர முடியாதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லியிருந்தா, வேற யாரையாச்சும் அனுப்பி வெச்சிருப்பேன்."

அது எனக்குத் தெரியும், மிஸ் ரோவீனா. அதனால்தான் வருகிறேன் என்று சொன்னேன்.