கசப்பான செய்திகளைத் தாமே சுமந்த யோசப்பீன் ரீச்சருக்கு

மன்னார்ப் பேசாலைக் கடற்கரையில் பிறந்து, இத்தாலியின் பலெர்மோ நகரின் பழந்தெருக்களில் பலருக்கும் பக்கத்துணையாய் நின்று, அங்குள்ள அல்பெர்கேரியாப் பகுதியின் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆசானாகவும் அன்னையாகவும் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் பண்பாளர், எங்கள் கல்லூரியின் தோழமைக் கல்வித் திட்டப் பொறுப்பாசிரியர் யோசப்பீன் அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் கனத்த நெஞ்சோடு படித்தளிக்கும் மடல் இது.

அவையில் இருக்கும் இளையோர் பலருக்கு அம்மையாரின் கதை தெரியாது. ஆதலால் அவரைப் புகழ்வதை இத்துடன் நிறுத்தி, அவரைப் பற்றி அவைக்குச் சொல்லுகிறோம்.

இத்திட்டம் தொடங்கிய 1991இல், எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியை முடித்தால் அடுத்தது சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலியச் சீமாட்டிகளின், வீட்டைத் துடைக்கும் வேலைதான் என்றிருந்தது. மன்னாரில் ஆசிரியராக இருந்த அம்மையாரும் இங்கு வந்து ஆண்டுக்கணக்கில் வீடு துடைத்தவரே. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஊருக்குத் தொண்டு, அத்தொண்டுக்கும் பாடங்களைப் போலப் புள்ளி என்று கல்லூரி வகுத்த திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் அவர். மாணவர்கள் பல்லரோச் சந்தையிலிருந்து முதியவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்றோருக்கு மொழிபெயர்த்தார்கள். மருத்துவமனையில் நோயாளிக்கும் டொக்டருக்கும் நடுவே நின்றார்கள். "ஊருக்கு உதவுற பிள்ளை இந்த ஊரிலை தலைகுனிஞ்சு நடக்காது" என்று அம்மையார் சொல்வார். அப்படியே நடந்தது. கறுத்த முகத்தைக் கண்டால் கதவைச் சாத்திய கிழவர்கள் பிறகு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மாணவர்களில் இத்தாலிய மொழியில் முதலிடம் பெற்றவள் நிரோசினி. பதினேழு வயது. 1994ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வயிற்று நோவென்று மருத்துவமனையில் கிடந்த அருள்நாயகி என்ற பெண்ணுக்கு மொழிபெயர்க்க அவளைத்தான் அம்மையார் அனுப்பினார். புற்றுநோய், சில மாதங்களே மிச்சம், யாரையேனும் பார்க்க ஊருக்குப் போவதென்றால் இப்போதே போகட்டும் என்று டொக்டர் சொன்னார். நிரோசினி அதைச் சொல்லவில்லை. மருந்து எடுத்தால் சுகம் வரும் என்று சொன்னாள்.

அருள்நாயகியின் ஆறு வயது மகன் கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில், அவருடைய தங்கையோடு இருந்தான். சுகம் வந்தபின் போகலாம் என்று தாய் காத்திருந்தார். மாசியில் கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவருடைய கணவர் விக்னராஜா திட்ட அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு கேட்டார்: "டொக்டர் அப்பவே சொன்னவராம். அந்தப் பிள்ளை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"பிள்ளையிலை பிழையில்லை. அந்தக் கட்டிலடிக்கு அவளை அனுப்பினது நான். கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ" என்றார் அம்மையார்.

"உங்களட்டைக் கேட்டு என்ன ரீச்சர்? பெடியன் ரெலிபோனிலை அம்மா எப்ப வருவா எண்டு கேக்கிறான். அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

 விக்னராஜா எழுந்து போனபின், அடுத்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிரோசினி வெளியே வந்தாள். "அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ, ரீச்சர். மகனுக்குச் சப்பாத்து வாங்கி வைச்சிருக்கிறன், அளவாயிருக்குமோ தெரியேல்லை எண்டு சொன்னவ. எனக்கு வாய் வரேல்லை."

அதன் பிறகு நிரோசினி வகுப்புக்கு வரவில்லை. அவள் குடும்பம் வடக்கே ரெஜ்ஜோ எமிலியாவுக்குப் போய்விட்டது. நத்தார்ப் பண்டிகை தோறும் அம்மையார் அங்கே தொலைபேசி எடுப்பார். வேலைக்குப் போய்விட்டாள் என்று தாய் சொல்லுவார். ஒருமுறைகூட அவள் குரலை அம்மையார் கேட்டதில்லை.

மரணச் செய்தியை எந்த மாணவரும் சுமக்கக்கூடாது என்று அம்மையார் கல்லூரி அதிபரிடம் வாதாடினார். மருத்துவமனைத் தொண்டுதான் திட்டத்துக்கே பெருமை, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மெச்சுகிறார்கள் என்றார் அதிபர். "அப்ப அந்தச் செய்தியளைச் சொல்ல நான் போறன்" என்று எழுந்து வந்தார் அம்மையார். அன்றுமுதல் அவரே போனார்.

போன இடமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார்; சொல்லிவிட்டு எழுந்து வராமல், அழுது முடியும்வரை அருகிருந்தார். அதற்கு ஊர் கொடுத்த கூலியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பல்லரோவில் எங்கள் ஆட்களின் கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும் வீட்டுப் பெண்கள், தூரத்தில் அவரைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுவார்கள். பூசை முடியும்வரை கோயிலின் நீள வாங்கில் அவருக்குப் பக்கத்து இடம் வெறுமையாகவே இருந்ததைப் பலமுறை கண்டோம். "என்னைக் கண்டால் அவைக்குப் பயம். பிள்ளையளைக் கண்டு பயப்பிடேல்லைத்தானே, அது காணும்" என்றார் ஒருநாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரிடம் படித்து இன்று எங்களோடு பணிபுரியும் ஜெனுஷாதான் இம்மடலை முதலில் எழுதினார். மரபுப்படி, நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று முடித்து, பிழை திருத்தித் தரும்படி போன கிழமை அம்மையாரிடமே கொடுத்தார். அம்மையார் கடைசிவரை வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

"இந்த வரியை எடுத்துவிடுவம், பிள்ளை. எனக்கு மார்கழி வரைக்குந்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்? ஆர் உங்களோடை போனது?"

"ஒருத்தரும் இல்லை. எனக்குத்தான் பாஷை தெரியுமே." பேனையை மூடிக்கொண்டே, "ஏன் இந்த வருசமே வேலையை விடுறன் எண்டு எல்லாரும் கேட்டியள். இதுதான். வாற கிழமை பேசாலைக்குப் போறன். அண்ணன் இருக்கிறார். நடக்கக்கூடியதாய் இருக்கேக்கை போகவேணும்" என்றார்.

தமக்கு நெருங்கிய ஒருவரிடம் அச்செய்தியைச் சொல்லும் வேலையையும் அவரே செய்து முடித்தார். ஜெனுஷா அழுது முடியும்வரை அருகிருந்தார்.

இனி அந்தச் செய்திகளைச் சொல்ல மருத்துவமனைக்கு யார் போவது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்கப்பட்டபோது எங்களில் எவரும் நிமிரவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இங்கு நிற்கிறோம். அதற்கு மாணவரை அனுப்பமாட்டோம் என்ற ஒன்றை மட்டும் இந்த அவை முன் உறுதியாகச் சொல்லுகிறோம்.

அம்மையீர், நீங்கள் அழித்த வரியை நாங்கள் திரும்ப எழுதவில்லை. போகும் வழி நோவின்றி அமைக. அண்ணன் வாசலில் காத்திருக்க நீங்கள் நடந்தே போய்ச் சேர்க. உங்களைக் கண்டு எவரும் ஒதுங்காத ஊரில், பக்கத்தில் ஆள் இருக்கும் வாங்கில் அமர்ந்து பூசை காண்க. இறைவன் உங்களோடு இருப்பாராக.

இங்ஙனம்,
தோழமைக் கல்வித் திட்டப் பணியாளர்கள்,
பலெர்மோ, ஆனி 1998.