விருந்தாளிகள் வரும்வரை குணமாகக் கூடாது

அவள்: சார், எனக்குக் குணமாயிடுச்சு. ஆயிடுச்சுன்னு சொல்லி அனுப்பி வைங்க.

ஆலோசகர்: ஷ்ஷ்... மெதுவா! கதவைச் சாத்தும்மா.

அவள்: சாத்திட்டேன். குணமாயிடுச்சு.

ஆலோசகர்: அதை மட்டும் இங்க யாரும் சொல்லக் கூடாதுன்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா? குணமாச்சான்னு ஆலோசகர்தான் சொல்லணும். நீயே சொன்னா... அது ஒரு அறிகுறி.

அவள்: குணமாகலைன்னு சொன்னா?

ஆலோசகர்: அதுவும் அறிகுறிதான்.

அவள்: காதுல பூ சுத்தாதீங்க சார். எனக்கு வேலை கிடைச்சிருக்கு. தண்ணி பரிசோதனைக் கூடத்துல. போர்ல பாதிக்கப்பட்ட பொண்ணுன்னு தெரிஞ்சதும், சிகிச்சை முடிஞ்சுதான்னு உங்களைக் கேக்கணுமாம். ‘முடிஞ்சுது’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.

ஆலோசகர்: சொல்றேன். சனிக்கிழமை சொல்றேன்.

அவள்: நாளைக்குச் சேரணும். பஸ் இன்னைக்கு.

ஆலோசகர்: இன்னைக்கா? இன்னும் கொஞ்ச நேரத்துல விருந்தாளிங்க வந்துடுவாங்கம்மா! இந்த மையமே அவங்க தயவுலதான் ஓடுது. நீ போயிட்டா அவங்க முன்னாடி யாரை நிறுத்தறது? அந்தப் பொடியன் சுருட்டையையா? ‘மனசுல இருக்கறதைச் சொல்லுடா’ன்னா ‘பசிக்குது’ங்கறான்.

அவள்: மனசுல அதுதானே இருக்கு.

ஆலோசகர்: இருக்கட்டும், யாரும் அழலையே! நீ பேசினா கைக்குட்டை பத்த மாட்டேங்குது. போன தடவை வந்திருந்த ஒரு அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூக்கைச் சிந்தினாங்க. புதுத் திரை.

வரவேற்பு அக்கா: சார், உள்ளே வரலாமா? ஹால்ல அந்த சத்தப் பெட்டியை வைக்கவா?

ஆலோசகர்: வைம்மா. வெடிச் சத்தத்துக்குப் பிள்ளைங்களை எப்படிப் பழக்கறோம்னு காட்டணும்ல.

அவள்: வேணாம்க்கா. அது குண்டுச் சத்தமே இல்ல. எந்தச் சினிமாவுலேர்ந்து எடுத்தாங்களோ... ‘யார் வீட்டுத் தகரம் விழுந்துச்சு’ன்னு கேட்டான் சுருட்டை. பிள்ளைங்க சிரிச்சு உருண்டுச்சுங்க. சார் மட்டும்தான் மேஜைக்கு அடியில போனார்.

ஆலோசகர்: பேனா விழுந்துச்சு. எடுக்கப் போனேன்.

வரவேற்பு அக்கா: ரொம்ப நேரம் தேடினீங்க சார். டீயைக்கூட கீழேயே வாங்கிக் குடிச்சீங்க.

ஆலோசகர்: நீ போய்ப் பெட்டியை வை, போ!... இந்தா பாரும்மா, ஒரே ஒரு தடவை. கடைசித் தடவை. இப்போ என் முன்னாடி சொல்லிப் பார்த்துட்டு, அங்க வந்து சொல்லு. உடனே போன் பண்றேன்.

அவள்: சத்தியமா?

ஆலோசகர்: சத்தியமா. சொல்லு.

அவள்: ...விளக்கு இல்ல. குண்டு விழுது. வீடே குலுங்குது. தூங்கிட்டிருந்த தம்பியைப் போர்வையோட வாரித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடறேன். பச்சைப் போர்வை...

ஆலோசகர்: நீலம்.

அவள்: பச்சைன்னா என்ன சார்? யார் பார்த்தா?

ஆலோசகர்: நீலம்மா. ஓரத்துல கிழிஞ்சிருக்கும். ம்... மேல.

அவள்: ‘பயப்படாதேடா, வந்துட்டோம், வந்துட்டோம்’னு வழியெல்லாம் பேசிக்கிட்டே ஓடறேன். ஆத்தைத் தாண்டிக் கரையில இறக்கி, போர்வையைப் பிரிச்சுப் பார்த்தா... தலையணை.

ஆலோசகர்: ரெண்டு தலையணை.

அவள்: ரெண்டா?

ஆலோசகர்: ரெண்டு இருந்தாத்தான் கனம் சரியா இருக்கும். ஒண்ணுன்னா ஏமாந்திருக்க மாட்டேன்... மாட்டே. நீ.

அவள்: சார்.

ஆலோசகர்: என்ன?

அவள்: எனக்குத் தம்பியே கிடையாது.

ஆலோசகர்: நேரமாச்சு. மேல சொல்லும்மா.

அவள்: நான் ஒத்தைப் பொண்ணு. கூடப்பிறந்தவங்க இருக்காங்களான்னு சேர்ந்த அன்னைக்கே கேட்டீங்க. இல்லைன்னேன்.

ஆலோசகர்: ஞாபகம் இருக்கு.

அவள்: அப்போ இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல?

ஆலோசகர்: நீ... எங்கேர்ந்தும்மா எடுத்தே அதை?

அவள்: உங்ககிட்டேர்ந்துதான். ‘கண்ணை மூடுங்க, மூச்சை ஆழமா இழுத்து விடுங்க’ம்பீங்க. நாங்க நாலு மூச்சு விடறதுக்குள்ள நீங்க தூங்கிடுவீங்க. தூக்கத்துல பேசுவீங்க. உங்களை எழுப்பிடக் கூடாதுன்னு நாங்கல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

ஆலோசகர்: எல்லாருமா? எல்லாருக்குமா தெரியும்?

அவள்: சாருக்கு எப்போ குணமாகும்னு வாராவாரம் கேக்கறான் சுருட்டை.

ஆலோசகர்: நீ அதைச் சொன்ன முதல் நாளே எழுந்து நிறுத்தியிருக்கணும். எழுந்தேன்கூட. ஆனா ஹால்ல எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. என் தம்பிக்காக அதுவரைக்கும் ஒருத்தரும் அழுததில்லம்மா.

அவள்: நீங்களே சொல்லியிருக்கலாமே.

ஆலோசகர்: என்னன்னு? தம்பியை விட்டுட்டுத் தலையணையைத் தூக்கிட்டு ஓடினேன்னா? நான் சொன்னா சிரிப்பாங்க. வாயைத் திறந்தா எனக்கே சிரிப்பு வருது. ரெண்டு தலையணைக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டே ஓடியிருக்கேன்...

அவள்: அதுக்காக நான் ஆயுசுக்கும் இங்க நோயாளியா உக்காந்திருக்கணுமா?

ஆலோசகர்: இன்னைக்கு ஒரு நாள் மட்டும்...

அவள்: போன தடவையும் இதேதான். அதுக்கு முந்தின தடவையும். உங்க தம்பியைச் சுமந்து சுமந்து எனக்குத் தோள் விட்டுப் போச்சு சார்.

வரவேற்பு அக்கா: சார், வந்துட்டாங்க! உக்கார வச்சுட்டேன். ‘இன்னைக்கு ஆலோசகரே பேசறாராமே’ன்னு கேக்கறாங்க.

ஆலோசகர்: எவன் சொன்னான்?

வரவேற்பு அக்கா: இவதான் சார். காலையில அவங்க போன் பண்ணினப்போ ரிசீவரை என் கையிலேர்ந்து பிடுங்கிச் சொல்லிட்டா.

ஆலோசகர்: அடிப்பாவி! தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே!

அவள்: என் துணிப் பெட்டியைப் பஸ்ஸுல ஏத்திட்டுத்தான் சார் இங்க வந்தேன். பரிசோதனைக் கூடத்துக்கும் நானே பேசிட்டேன். ‘குணமாகல, ஆனா தண்ணியைச் சோதிக்கத் தெரியும்’னேன். வரச் சொல்லிட்டாங்க.

ஆலோசகர்: அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து கெஞ்சினே?

அவள்: கெஞ்சல. கேட்டேன். நீங்களா அனுப்பிப் போகணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்.

ஆலோசகர்: நில்லும்மா... ஒரு நிமிஷம். உன்னோடது என்ன? அதை நீ யார்கிட்டயும் சொல்லவே இல்லையே.

அவள்: முதல் தடவை விருந்தாளிங்க வந்தப்போ அதைத்தான் சொன்னேன், நீங்கதான் கவனிக்கல. பரீட்சை எழுதிட்டிருந்தப்போ குண்டு விழுந்துச்சுன்னு. ‘யாராவது செத்தாங்களா’ன்னு விருந்தாளி கேட்டார். இல்லைன்னேன். கொட்டாவி விட்டார். நான் இல்லைன்னது பொய் சார். கூரை பாதி போயிடுச்சு, கண்காணிப்பாளர் மட்டும் ‘தலையைத் திருப்பாம எழுதுங்க’ன்னு கத்திக்கிட்டே இருந்தார். பின்சீட்டுக்காரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. மறுபடியும் கூப்பிட்டா. திரும்பினா காப்பியடிக்கிறேன்னு எழுப்பி வெளிய அனுப்பிடுவாங்க... எங்க வீட்டுல அதுவரைக்கும் ஒருத்தரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. நான் திரும்பல. அப்புறம் அவ கூப்பிடல. கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதி முடிச்சேன். முதல் வகுப்பு சார். வழி விடுங்கக்கா.