மூத்தார் விழுந்த கிணறு

அதத்தான் நானும் சொல்றேன் மாமா, கவுத்த வுட்டுட்டுக் கல்லப் புடிக்கப் போவாதீங்க. அந்தப் பக்கம் பூரா பாசி, வழுக்கிடும். தலைய உள்ள வுட்டு, ரெண்டு அக்குளுக்கு அடியிலயும் வர்ற மாதிரி மாட்டிக்கிட்டீங்களா? ம். இப்ப ஒடம்ப லேசாத் தொங்க வுட்டுப் பாருங்க. தாங்குதுல்ல. வேப்பமரத்துல சுத்தி முடிச்சுப் போட்டிருக்கேன். மரம் சாஞ்சாத்தான் நீங்க முழுவுவீங்க.

துணியா? ஆமாங்க, வளையத்துல சேலை சுத்தியிருக்கேன், கவுறு ஒடம்ப அறுக்கக் கூடாதுன்னு. எந்தச் சேலையா இருந்தா என்ன இப்ப, புடிச்சுக்குங்க.

காலு ஒடஞ்சுதான் இருக்கும். நீங்க வுழுந்தப்ப பனமட்ட முறிஞ்ச மாதிரி ஒரு சத்தம், மேல வரைக்கும் கேட்டுச்சு. அசைக்காதீங்க. ஒரு கையால மண்டைய அழுத்திக்குங்க, ரத்தம் கண்ணுல எறங்குது.

என்னால தூக்க முடியாதுங்க. உங்க ஒடம்பு என்ன, என் ஒடம்பு என்ன. ஒரு கெடாவத் தனியாத் தின்னு முடிக்கிற ஆளு நீங்க. இழுத்தா நானும் உள்ள வந்துடுவேன். அப்பறம் மூத்தாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே கெணத்துல கெடந்தாங்கன்னு ஊரு வேற கத கட்டும். தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டேன், வண்டி அரியலூர்லேருந்து வரணும். உங்க பொண்டாட்டி பாப்பாத்தி அக்காவுக்கும் சொல்லிட்டேன். ஊரு மொத்தமும் உடையார்பாளையத்துக் கல்யாணத்துல பந்தியில ஒக்காந்திருக்கு. அக்கா எல இருக்க எந்திரிச்சு ஓடியாருது, பாவம்.

அருவாளத் தேடாதீங்க. அது கெணத்து வெளிம்புலயே தங்கிடுச்சு. இப்ப என் முழங்காலுக்கு அடியில இருக்கு.

என்ன சொன்னீங்க? மலடியா? சத்தமாச் சொல்லுங்க, இன்னொரு வாட்டி. பாத்தீங்களா, நீங்க ஒரு தடவ சொன்னா கெணறு ரெண்டு தடவ சொல்லுது. உங்களுக்குத் தோதான கெணறுதான். இந்தக் கெணத்துல பங்கு எனக்குத்தான்னு போன மாசம் வாளிக் கவுத்த வெட்டி உள்ள தள்ளுனீங்களே, அது உங்க காலுக்கடியிலதான் எங்கயோ கெடக்கும். அது இருந்திருந்தா வூட்டுக்கு ஓடியிருக்க வேணாம், நீங்களும் அவ்வளவு நேரம் தண்ணி குடிச்சிருக்க வேணாம்.

திட்டுங்க. திட்டுறத நிறுத்தாதீங்க.

பதினோரு வருஷமா அந்த வார்த்தையக் கேட்டவ நான். முன்னல்லாம் கேட்டா ஒடம்பு எரியும். உங்க சின்னவனுக்குக் காது குத்துனப்ப, சித்திக்காரி எடுக்கலாமேன்னு யாரோ சொன்னாங்கன்னு நான் போயி பூத்தட்டத் தூக்குனேன். நெனவு இருக்கா? தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பந்தலுக்குள்ள, அத்தன சனத்துக்கு முன்னால, இடுப்புலயே உதைச்சீங்க. என் தம்பி சாமிதுரை பொண்டாட்டி கை பட்ட பூவு எம் புள்ளைக்கி வேணாம்னீங்க. உங்க தம்பி ஏன்னு கேட்டாரு. பந்தக்காலப் புடுங்கி அவரு தோள்ல போட்டீங்க. இன்னமும் மழக்காலம் வந்தா அந்தத் தோளத் தூக்க மாட்டாரு.

அத்தை உசுரோட இருந்தப்ப அவருக்கு ரெண்டாந்தாரம் பாக்கணும்னாங்க. நீங்கதான் குறுக்க நின்னு வேணவே வேணாம்னீங்க. அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மூத்தாருக்கு வாய்தான் கெட்டது, மனசு நல்லதுன்னு நெனச்சேன். கோயில்ல உங்க பேருக்கு வெளக்குப் போட்டேன், போங்க. அப்பறந்தான் புரிஞ்சுது. எனக்கும் பொறக்கக் கூடாது, இன்னொருத்திக்கும் பொறக்கக் கூடாது, அப்பத்தான் தம்பி நெலமும் உங்க பசங்களுக்கு வரும். சிரிக்கிறீங்களா? சிரிங்க, பரவால்ல. எனக்கே இப்ப சிரிப்பு வருது.

ஆமா, மதம் மாறுனவதான். அதுக்கென்ன. யாரும் அரிசி குடுத்து மாத்தல. முந்திரிக்கொட்ட ஒடைக்கிற எடத்துல எம் பக்கத்துல ஒக்காருமே சாந்தா அக்கா, அதுதான் கூட்டிக்கிட்டுப் போச்சு. அதுக்கும் புள்ள இல்ல, புருசனும் இல்ல. எங்க சாமிகிட்ட வந்தா உனக்குப் புள்ள பொறக்கும்னு அது ஒரு நாளும் சொன்னதில்ல. நீ எங்க வேணாலும் அழுவுற, அங்க வந்து அழு, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னுதான் சொல்லுச்சு.

நான்தான் பேராச புடிச்சுப் போனேன். ஏலாக்குறிச்சி மாதாவுக்குத் தொட்டில் கட்டுறேன்னு கையளவு மரத்தொட்டில் ஒண்ணு வாங்கியாந்து மாடத்துல வெச்சிருந்தேன். நீங்க வந்து எடுத்துக் கீழ போட்டு மிதிச்சீங்க. வலது காலால. தூளாப் போச்சு. இப்ப ஒடஞ்சிருக்கறதும் வலது காலுதானே? அதுக்குத்தான் இதுன்னு சொல்ல மாட்டேன். எங்க சாமி அப்புடிக் கணக்குப் பாக்குற சாமியில்ல. ஆனா நான் கவனிச்சேன், அவ்வளவுதான்.

மாமா, கண்ணு சொருவுது. இங்க பாருங்க, என் மூஞ்சியப் பாருங்க. புடிக்கலன்னாலும் பாருங்க.

தொட்டில் ஒடஞ்ச அந்த வருசம் பெரிய வியாழக்கெழம சாயந்திரம், ஏசு சீடருங்க காலக் கழுவுன மாதிரி, கோயில்ல பன்னெண்டு பேர ஒக்கார வெச்சு சாமியாரு காலு கழுவுவாருன்னாங்க. ஒரு ஆளு குறைஞ்சுது. சாந்தா அக்கா என்னையப் புடிச்சுத் தள்ளிடுச்சு. வயசான சாமியாரு, முட்டி தேஞ்ச மனுசன், பெஞ்சப் புடிச்சுக்கிட்டுத்தான் மண்டி போடவே முடிஞ்சுது அவரால. என் காலு எப்புடியிருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியுமே, வெடிப்பும் முந்திரிப்பாலுக் கறையும். நான் படக்குன்னு இழுத்துக்கிட்டேன். ஒரு ஆம்பள என் ஒடம்புக்கிட்ட வந்தாலே அடிக்கத்தான் வர்றாருன்னு இந்த வூடு பழக்கி வெச்சிருக்கே. அவரு மெதுவா எடுத்து, தண்ணி ஊத்தி, வெரலு சந்து வெரலு சந்தாத் தொடச்சு, குனிஞ்சு முத்தம் குடுத்தாரு. என் காலுக்கு. பூத்தட்டத் தொடக் கூடாதுன்னு உதை வாங்குனவளோட காலுக்கு.

அன்னிக்கிப் பூச முடிஞ்சு வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கிறப்பத்தான் தெரிஞ்சுது, புள்ள கேக்க மறந்துட்டேன். அத்தன வருசத்துல முத தடவ. அன்னிக்கி ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன். அதுக்கப்பறம் கேட்டதெல்லாம் வேற மாதிரி. என் வயித்துல குடுன்னு கேக்கல. அம்மா இல்லாம எங்கயாவது ஒண்ணு கெடந்தா அத என் கண்ணுல காட்டுன்னு கேட்டேன். உங்க தம்பிகிட்டச் சொன்னேன். பொண்ணாக் கேப்போமான்னாரு. தத்து குடுக்குற ஆபீசுல முறையா எழுதிக் குடுத்து, அவங்க வூட்டுக்கு வந்து பாத்து, அலைஞ்சு திரிஞ்சு, இன்னிக்கித்தான் கையெழுத்துப் போட வரச் சொன்னாங்க.

அதுக்குத்தானே நீங்க அருவாளோட வந்தீங்க. அவரு அரியலூரு போயிருக்காரு, நான் தனியா இருப்பேன்னு தெரிஞ்சு. எவ பெத்ததுக்கோ எங்கப்பன் மண்ணான்னு கதவக் கொத்துனீங்க. பொளந்துக்கிட்டு வந்து வீசுனதுல என் சடையில பாதி போச்சு, வாசல்லயே கெடக்கு போய்ப் பாக்கலாம். ஒரு வெரக்கடை தள்ளியிருந்தா கழுத்து. முந்திரிக்காட்டுல செருப்பு இல்லாம நான் ஓடுனேன், பின்னாலயே ஓடியாந்தீங்க. நான் கெணத்தச் சுத்திக்கிட்டு ஓடுனேன், நீங்க குறுக்கத் தாண்டிப் புடிக்கலாம்னு பாத்தீங்க. இந்தக் கெணத்து மேட்டு மண்ணு உங்களுக்குப் புதுசா? சின்ன வயசுலேருந்து குளிச்ச கெணறு. கோவம் கண்ண மறைச்சுடுச்சு.

நீங்க வுழுந்தொடனே நான் கவுத்தத் தேடி ஓடுனேன்னு நெனச்சுடாதீங்க. நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க முழுவி முழுவி எந்திரிச்சீங்க. இந்தோ கெடக்கு பாருங்க இந்தக் கல்லு, தேங்காயளவு, இத ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிட்டேன். நீங்களும் அண்ணாந்து பாத்தீங்க. இல்லன்னு சொல்லாதீங்க, நம்ம ரெண்டு பேரு கண்ணும் பாத்துக்கிச்சு. அப்ப உங்கள மாமான்னு கூப்புடல நான்.

ஏன் போடலன்னா கேக்குறீங்க? குனிஞ்சேன் மாமா, குறி பாக்க. குனிஞ்சப்ப என் காலு தெரிஞ்சுது. முள்ளும் கட்டையும் கிழிச்சு வெளிம்பு பூரா ரத்தம். கழுவித் தொடச்சு முத்தம் குடுத்த காலு. அந்தக் கால ஊனி நின்னுக்கிட்டு அந்தக் காரியத்தச் செய்ய முடியல. செய்யலாம்னுதான் இருந்தேன். முடியல. கல்லக் கீழ வெச்சுட்டு வூட்டுக்கு ஓடுனேன்.

மாமா? என்ன சத்தத்தக் காணோம். மாமா, கண்ணத் தொறங்க. தொறந்தாத்தான் சொல்லுவேன், உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு.

காது குத்துல உதைச்சீங்கன்னேனே. அப்ப எனக்கு நாள் தள்ளியிருந்துச்சு. திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் அலைஞ்சு, ஊசி மேல ஊசி போட்டு நின்னது. அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும், மூணு மாசம் ஆவட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தோம். மறுநாளு போயிடுச்சு. உங்க உதையாலதான்னு டாக்டரம்மா சொல்லல. தானாக் கூட கலைஞ்சிருக்கலாம்னாங்க. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்க தம்பி அன்னிக்கே அருவாளத் தூக்குனாரு. நான்தான் அவரு காலக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டேன். நீங்க இன்னிக்கி உசுரோட என்னைய வெட்ட வந்தீங்கன்னா அது நான் போட்ட பிச்ச. இத சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். கண்ணத் தொறந்துட்டீங்கல்ல, அது போதும்.

அழுவாதீங்க, மூச்சு வாங்கும்.

ஏன் இத்தன வருசம் பேசாதவ இன்னிக்கி இப்புடி வாய் ஓயாமப் பேசுறேன்னு பாக்குறீங்களா? மண்டையில அடி பட்டிருக்குன்னு சொன்னதும் போன்ல இருந்த தீயணைப்பு சாரு சொன்னாரு. நாங்க வர்ற வரைக்கும் அவரத் தூங்க மட்டும் வுட்டுடாதம்மா, எதையாவது பேசிக்கிட்டே இரு, கோவம் வர்ற மாதிரி பேசுனாலும் பரவால்லன்னாரு. உங்களுக்குக் கோவம் வர்ற மாதிரிப் பேச எங்கிட்ட நெறைய இருந்துச்சு. ஜெபம் சொன்னா நீங்க தூங்கிடுவீங்க.

கேக்குதா? சுண்ணாம்புக்கல்லு லாரி இல்ல மாமா, இது தீயணைப்பு வண்டி மணிச் சத்தம். செந்துறை ரோட்டுலேருந்து நம்ம பாதைக்குத் திரும்பிடுச்சு. புழுதி தெரியுது.

அவங்க வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். ஏணியெல்லாம் வுட்டு எறங்குவாங்க. அவங்க பெல்ட்ட உங்க இடுப்புல மாட்டிட்டு, அவசரத்துல இந்தக் கவுத்தக் கத்தி போட்டு அறுக்கப் பாப்பாங்க. நான் மேலேருந்து சொன்னா அவங்க போடுற சத்தத்துல கேக்காது. நீங்க சொல்லணும். அறுக்க வேணாம், முடிச்ச அவுத்து எடுங்கன்னு சொல்லணும். சேலையையும் கிழிக்காம உருவச் சொல்லுங்க. நேத்துதான் அரியலூர்ல கட்டோட வாங்குனது மாமா இந்தக் கவுறு, வூட்டு உத்தரத்துல ஒண்ணு, இந்த வேப்பமரத்துல ஒண்ணு கட்டலாம்னு. சேலை எங்கம்மாவோட பழைய நூலுச் சேலை. இப்ப அலசிப் போட்டாக் கூட இந்த வெயிலுக்குப் பொழுது சாயறதுக்குள்ள காஞ்சிடும். நாளைக்கிப் புள்ள வந்து அதுலதான் தூங்கணும்.