பவுடர் டப்பாவில் கடகட சத்தம்

மாமா: ...முதல் சேர் இனிமே உன்னோடது மச்சான். ரெண்டாவது சேருக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. கத்தி மட்டும் என் கத்தியே இருக்கட்டும், கை பழகினது...

மச்சான்: என்ன மாமா, ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து உயில் எழுதுறீங்க? வயித்துக்குள்ள டியூப் விட்டுப் பாக்கத்தானே வந்திருக்கோம்!

மாமா: ஆறு மாசமா வயித்துவலி. படி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் ஏழுதான் இருக்குன்னு ரிப்போர்ட்டு. இதெல்லாம் சேர்ந்து வந்தா அந்த நோய்தானாம்.

மச்சான்: யாரு சொன்னா?

மாமா: வாராவாரம் ஷேவிங்குக்கு வருவாரே, அந்த மீசைக்காரர்.

மச்சான்: அவரு தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்றவரு மாமா!

மாமா: தண்ணியோ ரத்தமோ, எல்லாம் உள்ள ஓடுறதுதானே... சரி, நான்தான் வெறும் வயித்தோட வரணும்னு சொன்னாங்க. நீ ஏன் டீ கூட குடிக்கல? வாங்கித் தந்தாலும் வேணாங்கிற.

மச்சான்: துணைக்கு வந்துட்டு, பட்டினி கிடக்கிறவர் முன்னாடி குடிச்சா அக்கா என்னை சும்மா விடுவாளா? ...இந்தா, கூப்பிடுறாங்க.

டாக்டர்: வாங்க, சலூன்காரர்தானே? இவர் யாரு?

மாமா: சம்சாரத்தோட தம்பிங்கம்மா. கடையில என் கூடதான் நிக்கிறான்.

டாக்டர்: அவரும் இருக்கட்டும். கண்ணைக் காட்டுங்க... கீழ் இமை வெள்ளைத்தாள் மாதிரி இருக்கே. வலி எப்ப வருது?

மாமா: காலையில. கடை திறந்த கொஞ்ச நேரத்துல, நெஞ்சுக்குழிக்குக் கீழ எரியும்...

டாக்டர்: மலம் கருப்பா போகுதா?

மாமா: போகுதும்மா. அது நீங்க குடுத்த இரும்புச்சத்து மாத்திரையால. அப்படித்தான் போகும்னு நீங்களே...

மச்சான்: க்கும்...

டாக்டர்: என்ன தம்பி, தொண்டையில கிச்சுகிச்சா?

மச்சான்: நான் சொல்லல. மாமாவே சொல்லட்டும்.

மாமா: நீ சும்மா இருடா!

மச்சான்: அப்ப நானே சொல்லிடுறேன். நேத்து கஸ்டமர் கழுத்துல பவுடர் போடலாம்னு டப்பாவை எடுத்தேன் டாக்டர். உள்ள கடகடன்னு சத்தம். தட்டினா, பொலபொலன்னு சிவப்பு மாத்திரையா கொட்டுது அவர் மடியில! மனுஷன் பாதி வெட்டின முடியோட எந்திரிச்சு நிக்கிறார்.

டாக்டர்: ஐயா... ஒண்ணு கூட முழுங்கலையா?

மாமா: முதல் ரெண்டு நாள் முழுங்கினேன்மா. வயிறு இறுகிப்போச்சு. வீட்டுல அவ தினம் கையில எடுத்துக் குடுக்கிறா, வேணாம்னா அழுவா. அதான் கடைக்கு வந்து டப்பாவுல...

டாக்டர்: இப்ப யோசிங்க. மாத்திரையே சாப்பிடல. அப்ப கருப்பு எங்கேருந்து வந்துச்சு? அது ரத்தம். உள்ள எங்கயோ சொட்டுச் சொட்டா கசியுது. நல்லவேளை, உங்க மச்சான் வாயைத் திறந்தார். இல்லைன்னா நானும் மாத்திரைக் கருப்புன்னே நினைச்சிருப்பேன்.

மாமா: அப்ப அந்த நோய்தானாம்மா?

டாக்டர்: குடல்ல புழுவா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், புண்ணா இருக்கலாம். நீங்க பயப்படுறதும் அந்த வரிசையில உண்டு, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி நிறைய பேர் நிக்கிறாங்க. வலி மாத்திரை ஏதும் போடுறீங்களா?

மாமா: இல்லைங்கம்மா... அதாவது... முட்டிவலிக்கு. நாள் பூரா நின்னே வேலை. காலையில ஒரு டீ, ஒரே ஒரு மாத்திரை. ஒரு வருஷமா.

டாக்டர்: வெறும் வயித்துலயா! தினமும் ஒண்ணுதானா?

மாமா: சத்தியமா ஒண்ணுதான்.

டாக்டர்: தம்பி, இது உங்களுக்குத் தெரியுமா?

மச்சான்: தெரியும்... மெடிக்கல்ல வாங்கிட்டு வர்றதே நான்தான். வாரத்துக்கு ரெண்டு அட்டை.

டாக்டர்: அட்டைக்குப் பத்துன்னா இருபது ஆச்சே. அவர் ஏழுதானே போடுறார்?

மச்சான்: அது... கீழ விழும் டாக்டர். முடியோட சேர்த்துக் கூட்டிடுவோம்.

டாக்டர்: ம்ம். சரி, ஐயா இப்படி ஒருக்களிச்சுப் படுங்க. ஊசி போட்டா தூக்கம் வரும். பயப்படாதீங்க.

மாமா: மச்சான், என் கத்தி...

மச்சான்: கத்தி எங்கயும் போகாது மாமா. தூங்குங்க!

மச்சான்: மாமா... மாமா, எந்திரிங்க. முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு.

மாமா: இருக்கேனா?

மச்சான்: இருக்கீங்க, இருக்கீங்க. குறட்டை விட்டதுல நர்ஸே எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

டாக்டர்: ஐயா, இரைப்பையில ரெண்டு புண்ணு. ஒண்ணுலேருந்து ரத்தம் கசிஞ்சிருக்கு, அடைச்சாச்சு. ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். கண்ணுக்குப் பாத்தவரைக்கும் நீங்க பயந்த மாதிரி எதுவும் இல்ல. வலி மாத்திரையை இன்னியோட விட்டுடுங்க, நான் குடுக்கிற மருந்தை டப்பாவுல போடாம வாயில போடுங்க. புண்ணு ஆறிடும், ரத்தமும் ஏறிடும்.

மாமா: கும்பிடுறேன் தாயீ... மச்சான், கேட்டியா? முதல் சேர் எனக்குத்தான்டா!

மச்சான்: நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு அந்தச் சேரே வேணாம், ஸ்பிரிங் குத்துது.

மாமா: அம்மா, முட்டிவலிக்கு என்ன பண்றது?

டாக்டர்: ஒரு உயர ஸ்டூல் வாங்கிப் போட்டு உக்காந்து வெட்டுங்க. வலிக்கு வேற வழி பாக்கலாம். இப்ப பால் ஏதாவது குடிங்க. தம்பி, நீங்களும் போய்ச் சாப்பிடுங்க, முகமே வெளுத்துக் கிடக்கு.

மாமா: ஆமாடா, வா... இரு. மச்சான், இங்க பாரு. நான் கூட்டும்போது ஒருநாள் கூட கீழ மாத்திரை கிடந்ததில்லையே. நான் தின்னது ஏழு. மீதி எங்கடா போச்சு?

மச்சான்: நானும் பத்து வருஷமா உங்க பக்கத்துலதானே மாமா நிக்கிறேன், எனக்கு மட்டும் முட்டி இரும்பா? ...எனக்கும் கருப்பாத்தான் போகுது, ரெண்டு மாசமா. காலையில உங்க பேரைப் பதியும்போதே என் பேரையும் பதிஞ்சுட்டேன். அடுத்த டோக்கன் என்னோடது. அதான் நான் டீ குடிக்கல.