முந்நூற்றுப் பன்னிரண்டு செம்புக் கட்டிகள்

செம்புக் கட்டி வாங்கிச் சேர்த்தால் லாபமா என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, இன்ஸ்பெக்டர் முயுண்டா ஐயா. விசாரணைக்குக் கூட்டி வந்த ஆளிடம் போய்க் கேட்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு என்று வாசலில் இருக்கும் கான்ஸ்டபிள் சொன்னார். அந்த வயதில் வர வேண்டிய கேள்விதான். கிட்வே நகரத்தில் இதற்கு என்னைவிட நியாயமாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது. பதினொரு வருடம் விற்றவன் நான். அதனால் சொல்கிறேன், வாங்காதீர்கள்.

கணக்கு எளிது. பழைய செம்பை எடைக்குப் போட்டால் கிலோவுக்கு நூற்றுத் தொண்ணூறு குவாச்சா. அதே செம்பை நான் உருக்கி, ஒரு கிலோ கட்டியாக வார்த்து, மேலே ஒரு கழுகு முத்திரை குத்தி, பளபளவென்று துடைத்துத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் நானூறு. ஆக, செம்பு நூற்றுத் தொண்ணூறு, கழுகு இருநூற்றுப் பத்து. என் கடை வாசலைத் தாண்டும்போதே உங்கள் பணத்தில் பாதி பறந்துவிட்டது. இனி செம்பு விலை இரண்டு மடங்காக ஏறினால்தான் போட்ட முதலே கைக்கு வரும். லாபம் அதற்கும் அப்புறம். தங்கமென்றால் ஒரு வீட்டு விலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். செம்பில் ஒரு வீட்டு விலையைச் சேர்த்து வைக்க ஒரு வீடு வேண்டும்.

அப்படியானால் யார் வாங்கினார்கள் என்று கேட்பீர்கள். முப்பது வருடம் பூமிக்கடியில் செம்பு வெட்டியவர்கள் வாங்கினார்கள். வெட்டியதெல்லாம் ரயிலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். ஓய்வுப் பணம் கையில் வந்ததும், நாம் வெட்டியதில் ஒரு கட்டியாவது நம் கட்டிலுக்கடியில் இருக்கட்டுமே என்று ஒரு ஆசை வரும். அந்த ஆசைக்குத்தான் நான் விலை வைத்தேன். எடையில் ஒரு கிராம் குறைத்ததில்லை. திருட்டுச் செம்பு விற்கிறவனை நம் ஊரில் ஜெராபோ என்பார்கள். நான் ஜெராபோ இல்லை. ஜெராபோக்களிடம் வாங்குகிறவன், அவ்வளவுதான்.

என் வாடிக்கைக்காரர்களில் தங்கமான மனுஷன் சிசங்கா. சுரங்கத்தில் தூக்குக் கூண்டு ஓட்டியவன். ஒரு தடவைகூட ஆட்களைத் தடாலென்று இறக்கியதில்லை என்று பெயர் எடுத்தவன். குன்றின் மேல் இருக்கும் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். ஓய்வுப் பணம் தவணை தவணையாக வர வர, என்னிடம் கட்டிகளாக மாற்றிக்கொண்டே இருந்தான். இருநூற்று எண்பத்திரண்டு கட்டி சேர்ந்தபோது கட்டிலுக்கடியில் தரையே அமுங்கிவிட்டது. அவன் மனைவியை ஊரெல்லாம் மூத்த பிள்ளையின் பெயரை வைத்து முவாபே அம்மா என்றுதான் கூப்பிடும். அந்த அம்மாவின் கால் விரல் ஒன்றுகூட இடிபடாமல் பாக்கி இல்லை.

"ஜெரே அண்ணே, உங்க செம்பு என் கால்ல இருக்கிற நகத்தை எல்லாம் தின்னுடுச்சு. வட்டியா ரெண்டு நகமாச்சும் குடுங்க" என்பாள்.

"எலி தின்னிகிட்ட நகம் கேக்கறியே, அவனே நகத்தோட சேத்துத்தான் திம்பான்" என்பான் சிசங்கா.

"உன்னை மாதிரி குரங்கு புடிச்சுத் தின்னா எனக்கும் உன் மூஞ்சி வந்திரும்டா. அதுக்கு எலியே தேவலை" என்பேன்.

நான் ங்கோனி, அவன் பெம்பா. உங்களுக்குத் தெரியாததில்லை, வாக்குமூலத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். எங்கள் இரண்டு கூட்டத்துப் பாட்டன்களும் ஈட்டியால் குத்திக்கொண்டு அலுத்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து மச்சான் முறை. நீ திருடன், நீ எலி தின்னி, நீ குரங்கு தின்னி, உன் பெண்டாட்டியை என்னோடு அனுப்பு என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். கோபப்படுகிறவன்தான் அங்கே அவமானப்படுவான். ஒருவன் செத்தால் மற்றவன் வந்து குழி வெட்ட வேண்டும், பிணத்தைக் கேலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் செத்தவனை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். நீங்கள் லோசி. உங்களோடு எங்களுக்கு அந்த முறை கிடையாது. அதனால் இங்கே நான் சொல்வதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

சிசங்காவிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் கேலியில்லாமல் சொல்லியிருந்தேன். "எப்ப வேணும்னாலும் கட்டிகளைத் திருப்பிக் குடு. வாங்கின விலைக்கே எடுத்துக்கறேன்" என்று பாடகர் குழு முன்னாலேயே கை கொடுத்தேன். வியாபாரத்தில் இப்படி ஒரு வாக்குக் கொடுத்தால்தான் வாங்குகிறவன் பின்னால் பணம் கேட்டு வரமாட்டான். கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாரும் வெளியே போக அவசரப்படுவதில்லை. பதினொரு வருடத்தில் ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

போன செப்டம்பரில் கடைசித் தவணை வந்தது. முப்பது கட்டிக்குப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டான். என்னிடமோ ஒரு துண்டுச் செம்பு இல்லை. சுரங்கக் கம்பிகளுக்கு உங்கள் ஆட்கள் காவல் போட்டிருந்த சமயம். குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் காவல் காத்தார்கள். இரண்டு வாரத்தில் கட்டி கொடுக்காவிட்டால் ஜெரேயின் கடை காலி என்று ஊரில் பேச்சாகிவிடும். அப்போதுதான் குன்றின் மேல் அந்தத் தேவாலயக் கோபுரம் கண்ணில் பட்டது. உச்சியில் சிலுவை. சிலுவையிலிருந்து மண் வரைக்கும் இறங்கும் செம்புப் பட்டை. இடிதாங்கி. அந்தக் காலத்து வேலை, கட்டை விரல் தடிமன். மண்ணுக்குள் புதைத்திருந்த தகட்டோடு சேர்த்து முப்பத்தொரு கிலோ. உருக்கும்போது ஒரு கிலோ சேதாரம் போக, சரியாக முப்பது கட்டி. அளந்து வைத்த மாதிரி.

ராத்திரியில் போகவில்லை. ராத்திரியில் போகிறவன் ஜெராபோ. நான் காலை பத்து மணிக்கு, பழுது பார்க்க வந்தவன் மாதிரி மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, ஏணியோடு போனேன். உள்ளே பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு சிசங்கா வெளியே வந்தான்.

"என்ன மச்சான், ஊர்ல எலியெல்லாம் தீந்து போச்சுன்னு சர்ச் சுவத்துல ஏறிட்டியா?"

"இந்தப் பட்டையைத் திருட வந்தேன்டா. உருக்கி உனக்கே விக்கப் போறேன். சும்மா நிக்காம ஏணியைப் புடி."

குழு முழுக்கச் சிரித்தது. தடித்த குரலில் பாடும் நெல்சன், "ங்கோனி ஒருத்தன் உண்மை பேசிட்டான், மணி அடிங்கப்பா" என்றான்.

"புடிக்கிறேன், புடிக்கிறேன்" என்று சிசங்கா ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நீ விழுந்து செத்தா நாங்கதானே குழி வெட்டணும். இந்த வெயில்ல யாரால முடியும்?"

வேலை முடிய மதியம் ஆயிற்று. முவாபே அம்மா எனக்கும் சேர்த்து ந்ஷிமாக் களியும் பொரித்த கபெண்டா மீனும் அனுப்பியிருந்தாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, சுவரில் வெறும் கோடு தெரிந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, அதே அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செம்புக் களிம்பு நிறம் அடித்து மாட்டிவிட்டேன். அந்தப் பெயின்டுக்கு யாரிடமும் காசு கேட்கவில்லை. அடுத்த வாரம் முப்பது கட்டியும் சிசங்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு.

நவம்பர் கடைசியில் அவன் என் கடைக்கு வந்தான். முகத்தில் அத்தனை சந்தோஷம். அவனுடைய சொந்த ஊர் கசாமாவுக்குப் பக்கம். அங்கே மக்காச்சோளம் அரைக்க ஒரு மில் விலைக்கு வருகிறதாம். வாங்கி, கிறிஸ்துமஸுக்குள் குடும்பத்தோடு குடியேறப் போகிறானாம்.

"கட்டி எல்லாத்தையும் எடுத்துக்க மச்சான். வாங்கின விலை போதும். உங்கிட்ட லாபம் கேக்கற அளவுக்கு நான் ங்கோனி இல்லை."

முந்நூற்றுப் பன்னிரண்டு தரம் நானூறு. ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து எண்ணூறு குவாச்சா. எடைக்குப் போட்டால் எனக்கு அதில் பாதிகூடத் தேறாது. மீதிக்கு உலை, அச்சு, வண்டி, கடை, எல்லாவற்றையும் விற்க வேண்டும். அவன் திருப்பிக் கொடுத்தான் என்று தெரிந்தால் மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள். டிசம்பர் இரண்டாம் திங்கட்கிழமை பணம் தருவதாகச் சொன்னேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவன் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம்தான் கோபுரத்தில் இடி விழுந்தது. மின்னலுக்கு இறங்கிப் போக வழி இல்லாததால் கல்லையெல்லாம் வெடிக்க வைத்துக்கொண்டு கூரை வழியாக இறங்கியது. ஏழு பேர். சிசங்கா, நெல்சன், குழுவில் இன்னும் மூன்று பேர், மழைக்கு ஒதுங்கிய தக்காளிக்காரப் பெண்கள் இரண்டு பேர்.

சிசங்காவுக்குக் குழி வெட்டினவன் நான். நன்றாகவே வெட்டினேன், நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பெட்டியை இறக்கும் நேரத்தில் நான் குழிக்குள் படுத்துக்கொண்டு, காசு கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன்.

"எழுந்திருடா எலி தின்னி, செத்தவனுக்குக்கூட எடம் விடமாட்டியா?" என்று பெம்பாக்கள் மேலிருந்து கத்தினார்கள்.

"எப்படி விடுவேன்? இவனைக் கொன்னதே நான்தானே. இடிதாங்கியைத் திருடி இவன் தலையிலயே கட்டினேன். இப்ப மிச்சக் கட்டியையும் தூக்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன்.

மூன்று நாளாக வாயில் தண்ணீர்கூட வைக்காத முவாபே அம்மா அப்போதுதான் சிரித்தாள். மேல்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். குழிக்குள் சில்லறையாக வந்து விழுந்தது. எல்லாரும் சொன்னார்கள், ஜெரே வந்ததால்தான் அந்த அம்மா சாப்பிட்டாள் என்று. கட்டிகளை நான் அவளிடமே வாங்கிக்கொண்டேன். எடை விலைக்கு மேல் கிலோவுக்கு ஐந்து குவாச்சா கூட்டிக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தது புருஷனுக்கு. அவளுக்கு ஐந்து குவாச்சா கூட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது உங்கள் ஆட்கள் இடிபாட்டில் அந்தப் பிளாஸ்டிக் பட்டையைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஏணியைப் பார்த்தவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. திருடினேன். ஆனால் திருடிய அன்று யாரும் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். ஏணியில் நின்றுகொண்டு சொன்னேன். குழியில் படுத்துக்கொண்டு சொன்னேன். நடுவில் இன்னொரு தடவையும் சொன்னேன். அதை நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் வாக்குமூலம் அரைகுறையாக நிற்கும்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நானும் குன்றின் மேல் இருந்தேன். இன்னும் பத்து நாள் அவகாசம் கேட்கலாம் என்று போயிருந்தேன். சிசங்கா முடியாது என்றான். லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டானாம். அப்போது வானம் கறுத்துவிட்டது. முதல் மின்னல் பள்ளத்தாக்கில் இறங்கியது. இரண்டாவது இன்னும் கிட்டே. மாமரத்தடியில் தக்காளி விற்றுக்கொண்டிருந்த பெண்களை சிசங்கா கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"மரத்தடியில நிக்காதீங்கம்மா. எல்லாம் சர்ச்சுக்குள்ள வாங்க. இடிதாங்கி இருக்கு, பயமில்லை."

அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாடுகிறவர்களும் வராந்தாவிலிருந்து உள்ளே போனார்கள். சிசங்கா கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வா மச்சான், ங்கோனிக்கும் உள்ளே எடம் இருக்கு" என்றான்.

நான் என் வண்டிக் கதவில் கை வைத்திருந்தேன். மழை இன்னும் பலமாகவில்லை. நான் பேசினால் அவனுக்குக் காதில் விழும். எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து எண்ணூறும் ஞாபகம் வந்தது. அதற்காக வாயை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை, ஐயா. அவ்வளவு கெட்டவன் இல்லை நான்.

"உள்ளே போகாதேடா. அது வெறும் பிளாஸ்டிக். செம்பு உன் கட்டிலுக்கடியில இருக்கு" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளே திரும்பி மற்றவர்களுக்கும் சொன்னான். அவர்கள் சிரித்தது வெளியே கேட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டான்.

சிரிக்காமல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். எனக்கு அது தெரியும். அதனால்தான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.