காந்தத்தின் மேல் வராத சந்தேகம்

முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க... ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க.

தூத்துக்குடிப் பக்கம் கனகவேல்னு ஒருத்தர், பழைய இரும்புக் கிடங்கு வச்சிருந்தார். அங்க ஒரு கிரேன். அதுல பெரிய மின்காந்தம் தொங்கும். கரண்ட் விட்டா இரும்பை அள்ளிக்கிட்டு எழும்பும். நிறுத்தினா லாரியில கொட்டும். ஓட்டுறது யாரு? சம்சாரத்தோட தம்பி, இசக்கிதுரை.

சுமை கூடணும்னு கனகவேல் கரண்டைக் கூட்டி வச்சார். கூடலை. இன்னும் கூட்டினார்... அதே சுமைதான்! சந்தேகம் வந்துடுச்சு. யார் மேல? காந்தத்து மேலயா? இல்லைங்க... மச்சினன் மேல!

'கீழ நான் கூட்டுறேன், மேல உட்கார்ந்து இவன் குறைக்கிறான். எதிர்க் கிடங்குக்காரன் இவனை வளைச்சுட்டான்.'

அவன் போன் பேசினா சந்தேகம். டீ குடிக்கப் போனா, பின்னாலேயே ஒரு ஆள். வீட்டுல சம்சாரம் சோறு போட்டா, 'உன் தம்பி என்ன சொன்னான்?'

ஒரு மத்தியானம் நேராவே கேட்டுட்டார். 'யாருக்குடா வேலை பார்க்கிற நீ?'

இசக்கிதுரை முகம் செத்துப் போச்சு. 'அத்தான்... காந்தம் கொதிக்குது. இதுக்கு மேல ஏத்தாதீங்க.'

'நடிக்காதே. இறங்குடா!'

தானே ஏறினார். கரண்டைக் கடைசி வரைக்கும் கூட்டினார். இரும்பு எழும்புச்சு... பாதி உயரம்... குப்புனு புகை! உள்ள கம்பிச்சுருள் எரிஞ்சு போச்சு. அத்தனை இரும்பும் சரிஞ்சுது. கீழ நின்ன லாரி டிரைவரை இசக்கிதுரை பாய்ஞ்சு தள்ளினான். டிரைவர் தப்பிச்சார். இவன் கால் மாட்டிக்கிச்சு.

காந்தத்தைப் பிரிச்சுப் பார்த்த இன்ஜினியரம்மா சொன்னாங்க: 'இந்தக் காந்தத்து நடுவுல இருக்கிற இரும்புக்குள்ள குட்டிக் குட்டிக் காந்தங்கள் இருக்கு சார். கரண்ட் விட்டா ஒவ்வொண்ணா ஒரே பக்கம் திரும்பும். எல்லாமே திரும்பியாச்சுன்னா, அப்புறம் திரும்ப என்ன இருக்கு? மேல மேல விடுற கரண்ட் சூடாத்தான் போகும். யாரும் எதையும் குறைக்கலை.'

கனகவேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். 'மாப்ள... தப்பா நினைச்சுட்டேன். வேலைக்கு வந்துடுடா.'

'கால் சரியாயிடும் அத்தான். ஆனா நீங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதுக்கு முன்னால என்னால திரும்ப நிக்க முடியாது.'

வரலை. கடைசி வரைக்கும் வரலைங்க.

ஐயா... அம்மா... உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்க. தன்கிட்ட இருக்கிற மொத்தத்தையும் உங்க பக்கம் திருப்பிட்டவங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? 'இன்னும் எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்காங்க... மனசு வச்சா முடியும்.' அழுத்துறீங்க. மேல மேல அழுத்துறீங்க. முடியலைன்னு அவங்க சொல்றது திருட்டுத்தனம் இல்லைங்க... அதுதான் அவங்க எல்லை!

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் 'ஏன் முடியலை?'ன்னு கேக்காதீங்க. 'போதும்... கொஞ்சம் உட்காரு'ன்னு சொல்லுங்க. சொல்லிப் பாருங்க... அந்த முகத்தைப் பாருங்க.