முள் நின்ற இடம்

காரில் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எஞ்சினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒரே கணக்கில் சுற்றவைக்கிற, பல் வைத்த ரப்பர் பட்டை. அதிகம் இறுக்கினால் முனகும். தளரவிட்டால் பல் தாண்டும். தாண்டினால் ஓடுகிற வண்டி அப்படியே அணைந்துபோகும். அதற்காகத்தான் இறுக்கத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. இதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

என் தங்கை கணவருக்கு இருந்தது. அவரைப் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். "கையே சொல்லும் மச்சான், மீட்டர் எதுக்கு?" என்பார். பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்துக் கால் சுற்று திருகுவார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை வேறு மூடிக்கொள்வார். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருடம் புத்தகத்தில் போட்டபடி வேலை செய்த என்னை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

பல் டாக்டர் அம்மா ஒருவர் பெல்ட் மாற்ற வந்தார். நான் எழுந்தேன். "அவரே மாட்டட்டும், அவர் கைதான் எனக்கு ராசி" என்றார், என் முகத்துக்கு நேராக. படித்த பெண். தன்னிடம் வருகிறவர்களுக்கு மருந்தை அளக்காமலா ஊசி போடுகிறார்?

மாப்பிள்ளை மாட்டினார், திருகிப் பார்த்தார், திருப்தியாகச் சாப்பிடப் போனார். ஒன்பதாம் நாள், அந்த அம்மா லாரியை முந்தும்போது வண்டி அணைந்தது. பின்சீட்டில் மகள் இருந்தாள். இருவரும் பிழைக்கவில்லை.

அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "என் கை தப்புப் பண்ணிடுச்சு சார்" என்று ஸ்டேஷனில் உங்களிடம் தானாகவே வந்து நின்றார். தங்கை என்னிடம் அழுதாள். நானே வக்கீல் பிடித்துக் கொடுத்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் இப்போது பட்டறையில் அவருடைய பெரிய மனதைப் பற்றித்தான் பேச்சு. டாக்டரின் கணவரே சிறைக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன அதிர்ஷ்டம் வேண்டும்? அதுதான் எனக்குச் செரிக்கவில்லை, அதனால்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடப் போனதும் மூடியைக் கழற்றினேன். அவர் தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மீட்டரை வைத்தேன். புத்தகம் சொல்கிறபடி எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் முள் நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றது, இம்மி பிசகாமல்.

அது தற்செயல். தற்செயலாக அமைந்த இறுக்கத்தோடு ஒரு வண்டியை வெளியே அனுப்ப என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, தளர்த்தித்தான் அனுப்பினேன்.